ரசமட்டத்தாரின் முட்டிவலி

தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு முட்டிதான் மூலதனம். அந்த மூலதனம் கரைந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது, அவரைத் தவிர. சாப்பாட்டு மேசை ஒரு நூல் சாய்ந்தால்கூட ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்கிற ஆள் என்பதால் உறவுக்காரர்கள் அவருக்கு ரசமட்டத்தார் என்று பேர் வைத்திருந்தார்கள். மேசைக்காலின் மேல் இருந்த அக்கறையில் கால்வாசியைத் தன் காலின் மேல் வைத்திருந்தால் அவர் மனைவி நிம்மதியாக இருந்திருப்பாள்.

கட்டிலை விட்டு எழும்போது ஒரு 'அம்மா', படிக்கு ஒரு 'அம்மா', குளியலறைக்குள் நாலைந்து. ஜன்னல் திரைகளுக்கு ஓரம் தைக்கிற அவள், அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்து விரலை ஊசிக்குக் கொடுத்ததும் உண்டு. கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். மூட்டுத் தேய்மானம், வீக்கம் குறைய ஒரு வாரத்துக்கு மாத்திரை, சாப்பிட்ட பிறகு தினம் ஒன்று, முடிந்ததும் வந்து காட்டுங்கள் என்றார் டாக்டரம்மா. மனிதர் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு வந்து, மாத்திரை அட்டையை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார்.

"இதெல்லாம் உன் தம்பிக்குக் குடு. அவன்தான் சட்டைப்பைல மருந்துக்கடை வச்சிருக்கான்."

இதுதான் சங்கதி. மச்சானை மாத்திரை மன்னன் என்று பத்துப் பேர் நடுவில் வருஷக்கணக்காகக் கேலி செய்தாகிவிட்டது. இனி அந்த வாயால் ஒரு மாத்திரையை எப்படி விழுங்குவார்? முட்டி போனாலும் போகட்டும், வீம்பு போகக்கூடாது.

அவள் நல்லபடியாகச் சொன்னாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்தாள். பிறகு ஒரு காலையில், வெறுத்துப்போய், ஒரு மாத்திரையை டம்ளர் அடியால் நசுக்கிப் பொடியாக்கி அவர் காப்பியில் கலக்கினாள்.

"காப்பி என்ன இப்படிக் கசக்குது?"

"தூள் மாத்தியிருக்கேன். பிடிக்கலன்னா நாளைலேருந்து நீங்களே போட்டுக் குடிங்க."

அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத மனிதர் சத்தமில்லாமல் குடித்து முடித்தார். சாப்பிட்ட பிறகுதான் தரவேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கசப்பு காப்பியில்தான் அடங்கும், காப்பியோ எழுந்ததும் வெறும் வயிற்றில் குடிப்பது. கொஞ்ச நேரத்தில் சாப்பிடத்தானே போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வாரம் முடிந்தது. முனகல் பாதியாகக் குறைந்திருந்தது. திரும்ப டாக்டரிடம் போனால் திருட்டுத்தனம் வெளியே வந்துவிடும். காலி அட்டையைக் கடையில் காட்டினாள், கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் புதிதாக எடுத்துக் கொடுத்தார். இப்படியே நாள் ஓடியது.

"பாத்தியா மச்சான்? மாத்திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மனசு வச்சா முட்டி கேக்கும்" என்று அவள் தம்பியிடம் அவர் பீற்றிக்கொண்டபோது, கையிலிருந்த கரண்டியால் ஒன்று போடலாமா என்றிருந்தது அவளுக்கு.

அப்புறம் அவர் வயிற்றைத் தடவ ஆரம்பித்தார். எரியுது என்றார். தட்டில் பாதியை ஒதுக்கினார், முகம் வெளுத்தது. வேலை செய்கிற இடத்தில் கண்டதையும் குடிப்பதால்தான் என்று அவள் திட்டினாள். காப்பியை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

ஒரு மத்தியானம் அவருடைய கூட்டாளியிடமிருந்து போன் வந்தது. பாதி ஒட்டிய தரையிலேயே அண்ணன் மயங்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றான்.

அதே டாக்டரம்மாதான் கட்டிலருகே நின்றிருந்தார். மலம் கறுப்பாகப் போகிறதாம், உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லையாம். "வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார்.

"நான் அதெல்லாம் தொடுறதே இல்ல" என்றார் ரசமட்டத்தார், அந்த நிலையிலும்.

கூட்டாளியால் பொறுக்க முடியவில்லை. "சொல்லிடுங்கண்ணே. டாக்டர், டூல்ஸ் பைல அட்டை அட்டையா வச்சிருக்காரு. வேலைக்கு உக்காரும்போது தினம் ஒண்ணு போடுவாரு. வீட்டுல சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. மனசு வைத்தால் முட்டி கேட்குமாமே! அடுத்த நொடியே தான் கலக்கிய காப்பி நினைவுக்கு வந்தது.

"தினம் ஒண்ணுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கிட்னி எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு பாக்கணும்" என்றார் டாக்டர்.

அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காப்பி டம்ளரை அவள்தான் கழுவுகிறாள். கணவரின் வெளுத்த உதட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு" என்றாள். "இன்னொண்ணு நான் குடுத்தேன் டாக்டர். காலைல காப்பில பொடிச்சுப் போட்டு. ரெண்டு மாசமா. அவருக்குத் தெரியாது."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேருதான் வேறம்மா, ரெண்டும் ஒரே இனம். நான் குடுத்தது ஒரு வாரத்துக்கு. மேல பூச்சு இருக்குறதே அது வயித்துல கரையக்கூடாதுன்னுதான், அதையும் பொடிச்சுட்டீங்க. அதுவும் வெறும் வயித்துல. திரும்ப வந்திருந்தா, தேவைப்பட்டா வயித்தக் காப்பாத்த ஒரு மாத்திரை சேத்துக் குடுத்திருப்பேன். இல்லன்னா முட்டில தடவுற மருந்தோட நிறுத்தியிருப்பேன். ஒரே வீட்டுலதானே இருக்கீங்க, ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த பேசிக்க மாட்டீங்களா?"

உப்பு ஒரு கல் கூடினால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர் வாய் திறக்காமல் படுத்திருந்தது அவளைப் பயமுறுத்தியது. "திட்டுங்களேன்" என்றாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்த இடத்தை அடைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். கிட்னி தப்பித்தது. இனி இந்த வகை மாத்திரைப் பக்கமே போகக்கூடாது என்று அவரிடமும் அவளிடமும் தனித்தனியாகச் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம், கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம் என்றார் டாக்டர்.

அவள் டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கினார். குடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லேசாகச் சுழற்றி, அடியில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்தார். கேலிக்காகச் செய்யவில்லை. பிறகு அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டிலருகே நின்ற நர்ஸைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், கொஞ்சம் தண்ணி தரீங்களா?"

ஒழுங்காக விழுங்கியிருந்தால் நான் ஏன் பொடிக்கப்போகிறேன் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. அதற்குப் பதில் அவர் கண்ணெதிரில் அந்தத் தண்ணீரை முழுவதும் தானே குடித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நர்ஸ் கொடுத்ததைத்தான் குடித்தார்.