ஈனோக் மேடோக்கின் இருமல்

ஈனோக் மேடோக் செவ்வாய்க்கிழமை இறந்தார், வெள்ளிக்கிழமை புதைத்தோம். அவருடைய இருமல் மட்டும் சாகவில்லை. அது இருபத்துநான்கு வருஷம் அடுப்பருகே அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. எங்கள் கும் ஹெலிக் சுரங்கப் பள்ளத்தாக்கில் இதைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. கல்லறைக்குப் போய்வந்த ஆண்கள் ரொட்டியும் பன்றித்தொடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது ஆரம்பித்தது. முதலில் இரண்டு சின்ன இருமல், ஒரு இழுப்பு, அப்புறம் பெரியது. பழகிய சத்தம் என்பதால் யாரும் தட்டைக் கீழே வைக்கவில்லை. பாதிரியார் மட்டும் ஒரு தடவை நாற்காலியைப் பார்த்துவிட்டு இன்னொரு துண்டு இறைச்சி கேட்டார். ஈனோக்கின் மனைவி பெட்சன் எழுந்து போய், எச்சில் கிண்ணத்தை வழக்கம்போல நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஈனோக் முப்பத்தோரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தின் தாழ்ந்த பொந்துகளில் படுத்துக்கொண்டு வேலை செய்தவர். அங்கே அவ்வளவு படுத்தவருக்குக் கடைசி மூன்று வருஷம் வீட்டில் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். மாடியில் கட்டிலின் இடதுபக்கம் அவருக்கென்று காலியாகவே கிடந்தது. கம்பெனி டாக்டர் இறப்புத் தாளில் மார்ச்சளி என்று எழுதினார். அச்சடித்த நோய்ப்பட்டியலில் தூசி என்று ஒன்று இல்லையாம். சளிக்கு எப்படிய்யா கறுப்பு நிறம் வந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நாங்கள் எங்கே இருந்தோம்?

கேட்க ஒரே ஒரு இடம் இருந்தது, எங்கள் மருத்துவச் சங்கம். சுரங்கத்துக்காரர்கள் வாரச் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சொந்தமாக ஒரு டாக்டரை வைத்துக்கொண்டிருந்தோம். பிடித்தம் உள்ளவருக்கு வைத்தியம், இல்லாதவருக்கு இல்லை என்பதுதான் விதி. ஆள் செத்தால் அன்றோடு அவருடைய சங்க அட்டையும் செல்லாது, பெண்டாட்டிக்கும் செல்லாது. பெட்சன் தனக்கு எதுவும் கேட்கவில்லை, முழங்கால் வீங்கியிருந்தும் கேட்கவில்லை. நாற்காலியில் இருக்கிற இருமலை டாக்டர் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும், அதன் சரியான பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று மனு போட்டார். கமிட்டி கூடியது. தலைவர் பெட்டி ஹோவெல். எங்கள் ஊரில் ஹோவெல்கள் ஒன்பது பேர் என்பதால் தொழிலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். இவர் சவப்பெட்டி செய்பவர். செத்தவரின் இருமல் உறுப்பினரா இல்லையா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். இருமலுக்குத் தனியாக ஒரு அட்டை போடலாம் என்று ஒருவர் சொல்ல, அப்படியானால் அதை வேலைக்கு அனுப்பிப் பிடித்தம் பண்ணு என்றார் இன்னொருவர். கடைசியில் கை தூக்கி எண்ணினால் ஆறுக்கு ஆறு. பதின்மூன்றாவது கை செயலாளருடையது. செயலாளர், ஈனோக்கின் மகன் ட்ரெவர்.

அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவன், எங்கள் நூலகத்தில் இருந்ததை எல்லாம் இரண்டு தடவை படித்தவன்.

"எங்கப்பாவுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமான்னு நாளைக்குப் பத்து பொம்பளைங்க வந்து கேட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பதில் சொல்ல, தோழர்?" என்று சொல்லிவிட்டு எதிர்த்துக் கை தூக்கினான். பெட்டி ஹோவெல் முடிவைக் குறித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே, "உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடுப்பா," என்றார்.

சொன்னான். பெட்சன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார், கத்தியை நிறுத்தவில்லை.

"விதிப்படிதான் கை தூக்கியிருக்க. தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா அவரு இப்படி உக்காந்திருக்கிற வீட்ல நீ உக்காராத. போய் அந்த விதிய மாத்திட்டு வா, அப்புறம் உக்காரலாம்."

கோபத்தில் சொன்னது, நாலு நாளில் ஆறிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பெட்சனைத் தெரியாமல் நினைத்தோம். அன்றிலிருந்து ட்ரெவர் அந்த வீட்டில் தேநீரை நின்றுகொண்டே குடித்தான். சனிக்கிழமை தவறாமல் வருவான், பாத்திர அலமாரியில் சாய்ந்துகொண்டு ஆட்டுக்கறியும் லீக் என்கிற வெங்காயத்தண்டும் போட்ட கஞ்சியைக் கிண்ணத்தோடு கையில் வைத்துக் குடிப்பான், போவான். ஊர் அவனுக்கு 'நிக்கிற ட்ரெவர்' என்று பேர் வைத்தது. முதலாளிகள் ஏழு மாதம் சுரங்கத்தைப் பூட்டியபோது சங்கு ஊதுவது நின்றுபோனதால், தெருவே ஈனோக்கின் காலை ஆறு மணி இருமலைக் கேட்டுத்தான் எழுந்தது. பொதுச் சமையலுக்குக் கரண்டி பிடித்த ட்ரெவர் தொழிற்சங்கத் தலைவரானார், நகரசபைக்குப் போனார், பாராளுமன்றத்துக்குப் போனார். தலைமுடி நரைத்தது. ஒரு யுத்தம் வந்து போனது. அதற்குப் பிறகு வந்த ஆட்சியில் அவரைச் சுகாதார மந்திரியாக்கினார்கள். மந்திரியான பிறகும் சனிக்கிழமை கிண்ணம் கையில்தான். கூட வந்த உதவியாளர் பாவம், ஒருநாள் தெரியாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட, பெட்சன் அதில் பூனையைத் தூக்கி வைத்தார்.

நாட்டில் யாருக்கு வந்தாலும், என்ன வந்தாலும், காசு கேட்காமல் வைத்தியம் என்று அவர் சட்டம் கொண்டுவந்தார். டாக்டர்களில் பாதிப்பேர் எதிர்த்தார்கள். விவாதம் நடந்த வாரம் அவர் அம்மாவிடம் வந்து இருமலை இரவல் கேட்டார். "சனிக்கிழமை கொண்டுவந்து விட்டுரணும். வாசல் காத்துல நிக்க வெக்காத," என்று பெட்சன் ஈனோக்கின் கழுத்துத் துண்டைக் கொடுத்தார். லண்டன் ரயிலில் ட்ரெவர் இருமலுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து ஜன்னல் பக்கம் உட்காரவைத்தார். சபையில் உறுப்பினராயிருந்த ஒரு பெரிய டாக்டர் எழுந்து, இலவசம் என்றால் ஜனங்கள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் வந்து நிற்பார்கள் என்றார். உடனே மந்திரிக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்திலிருந்து இருமல் ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம் நிற்கவில்லை. யார் அது என்று சபாநாயகர் கேட்டார். என் தொகுதிக்காரர் என்றார் ட்ரெவர். பெரிய டாக்டர் உட்கார்ந்துவிட்டார். சட்டம் நிறைவேறியது. அதிகாரிகள் நோயாளிகளுக்கான படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேலை என்ன, முதலாளி யார், பிடித்தம் உண்டா என்று பதினேழு கேள்வி. அவர் பேனாவை எடுத்து அடித்துக்கொண்டே போனார். பேர் என்ன, வீடு எங்கே, எங்கே வலிக்கிறது என்று மூன்றுதான் மிஞ்சின. எளிமைக்காகச் செய்தார் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. அவர்களுக்கு என்ன தெரியும்!

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை அது அமலுக்கு வந்தது. எங்கள் வைத்தியசாலை வாசலில் வரிசை பாலம் வரைக்கும் நீண்டது. பாதிக்கு மேல் பெண்கள். பிள்ளை பெற்றதில் இறங்கிய கருப்பையைத் துணியால் கட்டிக்கொண்டு இருபது வருஷம் துணி துவைத்தவர்கள் அதில் இருந்தார்கள். இவ்வளவு நோயை எங்கேதான் வைத்திருந்தார்களோ, எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கமாகத்தான் இருந்தது. பெட்சன் நாற்பத்தோராவது ஆள், இருமல் நாற்பத்திரண்டாவது. புதிதாக வந்திருந்த டாக்டர் மெரியல் ரோசர் படிவத்திலிருந்த மூன்று கேள்வியும் கேட்டார். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அதில் இல்லை, அதனால் அவரும் கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் காலி நாற்காலிக்கு முன்னால் நீட்டி முன்பக்கம் கேட்டார், பின்பக்கம் கேட்டார். நாற்பது கறுத்த நெஞ்சு கேட்டவர் போல நிதானமாகத் தலையாட்டினார்.

"இது சளி இல்லம்மா, நிலக்கரித் தூசி. மார்ச்சளின்னு யார் சொன்னது?"

பெட்சன் கையை நீட்டினார். தூசி என்று எழுதிய தாளை வாங்கி நாலாக மடித்துக் கையுறைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்தவரை, உங்க முழங்காலையும் காட்டுங்க என்று டாக்டர் திரும்ப உட்காரவைத்தார்.

லண்டனில் பாராட்டு விழாக்கள் முடிந்து ட்ரெவர் சனிக்கிழமைதான் வந்தார். அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் தவிர வீட்டில் சத்தம் இல்லை. இருபத்துநான்கு வருஷத்தில் அப்படி ஒரு அமைதியை அந்த வீட்டில் அவர் கேட்டதில்லை. நாற்காலியைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரியருகே போய் நின்றார்.

"அப்பா எங்கம்மா?"

"டாக்டர்கிட்ட போயிருக்காரு. மருந்து தீந்துடுச்சு. இனிமே தனியாவே போயிக்கிறாராம்." பெட்சன் மூன்று கோப்பை எடுத்து வைத்தார். "ஏன்டா நிக்கிற? உக்காரு."

அவர் உட்கார்ந்தார், அப்பாவின் நாற்காலியில். ஐம்பது வயது மந்திரி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மலையடிவாரத்திலிருந்து இருமல் ஏறி வருவது கேட்டது. ஈனோக் வழக்கமாக மூச்சு வாங்க நிற்கிற மூன்றாவது விளக்குக் கம்பத்தில் நின்றது, பிறகு வாசலுக்கு வந்தது. ட்ரெவர் இடம் கொடுக்க அவசரமாக எழுந்தார்.

"நீ இருடா," என்றார் பெட்சன். "படுத்துத் தூங்கச் சொல்லி டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

இருமல் நாற்காலியைக் கடந்து மெதுவாகப் பதின்மூன்று படியும் ஏறியது. மாடியில் கட்டிலின் இடதுபக்கம் கிறீச்சிட்டது. பெட்சன் காலையிலேயே விரிப்பை மாற்றியிருந்தார். அம்மாவும் மகனும் தேநீர் குடித்தார்கள். மூன்றாவது கோப்பையை, ஆறிவிடக் கூடாது என்று, தட்டு போட்டு மூடி வைத்தார்கள்.