பச்சை மையில் வந்த கார்டுகள்

அலைத்தோழி சமுதாய வானொலியில் செந்தமிழ்ச்செல்வி நடத்திய நிகழ்ச்சியை யாராவது கேட்கிறார்களா என்பது அவளுக்கே இரண்டு வருடமாகச் சந்தேகம்தான். புதன்கிழமை மாலை நாலு மணிக்கு அரை மணி நேரம். ஒரு ஜாஸ் இசை, பிறகு ஒரு சிறுகதை, மறுபடி ஒரு இசை. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது கொடுத்த இசைத்தட்டுகளை வைத்து ஆரம்பித்தது அது.

"ஒரு லெட்டர்கூட வரலையேம்மா," என்று நிலைய இயக்குநர் வெற்றிச்செல்வன் ஜனவரியில் சொன்னார். "அந்த நேரத்த சினிமாப் பாட்டுக்குக் கேக்கறாங்க."

கேட்டது கோவிந்தராசு. ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் குரலை ஏற்றி இறக்குகிறவர். சினிமாப் பாட்டு நிகழ்ச்சி அவருடையது.

கேட்கிறவர்கள் ஒரு வரியாவது எழுதிப் போடுங்கள் என்று அந்தப் புதன்கிழமை அவள் ஒலிபரப்பில் சொன்னாள். அதற்கு அடுத்த வாரமே தபால் கார்டுகள் வரத் தொடங்கின. முதலில் நாலு. பிறகு ஏழு. மார்ச்சில் பத்து. கலைமகள், அஞ்சலாட்சி, வீராயி என்று விதவிதமான பெயர்கள். செல்வி இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தாள். ஒருநாள் பத்தையும் மேசையில் பரப்பியபோதுதான் கவனித்தாள். எல்லாம் ஒரே பச்சை மை. எல்லாவற்றிலும் 'சாக்ஸபோன்' என்பது 'சாக்ஸ்போன்' என்றே இருந்தது. பத்துப் பேரும் ஒரே மாதிரி தப்பு செய்வார்களா?

அன்றிலிருந்து எந்தக் கார்டையும் அவள் ஒலிபரப்பில் படிக்கவில்லை. பேனா தேடும் சாக்கில் கோவிந்தராசுவின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு வெற்றுக் கார்டுகள் கிடந்தன. நிலையத்தின் பதிவேட்டில் அவர் எழுத்தைத் தேடிப் பார்த்தாள். 'ற' மட்டும் அதே மாதிரி வளைந்திருப்பதாகத் தோன்றியது. பொய்க் கார்டு போட்டு, பிறகு தானே கண்டுபிடித்ததுபோல் காட்டி, பழியை அவள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவு செய்தாள்.

ஒரு சோதனையும் வைத்தாள். அடுத்த புதன்கிழமை, "இப்போது பியானோ," என்று சொல்லிவிட்டு டிராம்போன் இசையைப் போட்டாள். ஐந்தாம் நாள் கார்டு வந்தது. 'நீங்கள் சொன்னது பியானோ. வந்தது ஊதுகிற வாத்தியம்.'

கேட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது தெரியாதா என்ன? கார்டுகள் போலி என்றும், எழுதியவர் கோவிந்தராசு என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு இயக்குநரிடம் கொடுத்தாள். கோவிந்தராசுவிடம் விளக்கம் கேட்டார்கள்.

"வேற ரேடியோ ஸ்டேஷன் போட்டிக்கு அனுப்ப கார்டு வாங்கி வச்சிருக்கேன், சார்," என்று அவர் கூச்சத்தோடு சொன்னார். செல்வி அதையும் நம்பவில்லை.

அந்த வாரம் ஒரு பெண் நிலையத்துக்கு வந்தாள். பெயர் சுமலதா, சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை.

"முன்னல்லாம் எங்க கார்டப் படிப்பீங்க. இப்ப ஏன் மேடம் படிக்கறதில்ல?"

இவளைக்கூட அவர்தான் அனுப்பியிருப்பாரோ? செல்வி ஒரு தாளை நீட்டி, "ஜாஸ்ல உங்களுக்கு எது புடிக்கும்னு எழுதுங்க," என்றாள். பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து சுமலதா எழுதினாள். சாக்ஸ்போன்.

"அப்ப பத்துக் கார்டும் நீங்கதான் எழுதினீங்களா?"

"எழுதறது நான். சொல்றது அவங்க அவங்கதான். என் எழுத்துதான் நல்லாருக்கும்னு சாப்பாட்டு நேரத்துல சுத்தி ஒக்காந்துக்குவாங்க. போனை எல்லாம் கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சிருவாங்க மேடம், வேற எப்படி அனுப்பறது?"

"போன வாரக் கதை ஞாபகம் இருக்கா?"

"பஸ்ஸுல குடைய விட்டுட்டுப் போவாளே, அதான? அவ திரும்பப் போய்க் கேட்டிருக்கணும். வீராயி அக்கா ரெண்டு நாளா அதையே சொல்லிக்கினு இருந்துச்சு."

செல்வி அந்தத் தாளை மடித்து வைத்தாள். "அந்த மியூசிக் உங்களுக்குப் பிடிக்குதா?" என்று கேட்டாள்.

"பேக்கிங் பண்ற எடத்துல ஒரு ரேடியோ இருக்கு. சினிமாப் பாட்டுன்னா கூடவே பாடுவோம், பேச்சு வளரும், சூப்பர்வைசர் நிறுத்திடுவாரு. இதுல வார்த்தை இல்ல, அதனால வுட்டுட்டாரு. மொதல்ல ஒண்ணும் புரியல. இப்ப புதன்கிழமைன்னா கை தானா வேகமாப் போவுது."

செல்வி இயக்குநரின் அறைக்கு ஓடினாள். வெற்றிச்செல்வன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கார்டெல்லாம் போலின்னு நீயே எழுதிக் குடுத்திட்டியேம்மா. முந்தாநேத்தே நிலையக் கமிட்டிக்கு அனுப்பினேன். நிகழ்ச்சிய இந்த மாசத்தோட நிறுத்தச் சொல்லிட்டாங்க."

அவள் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதினாள். தான் எழுதிக் கொடுத்தது தப்பென்று, கோவிந்தராசு மேல் ஒரு தவறும் இல்லையென்று, கார்டு அனுப்பிய பத்துப் பேரும் இன்ன கம்பெனியில் வேலை செய்கிறார்களென்று. நிகழ்ச்சியைத் திரும்பத் தரும்படி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

கோவிந்தராசுவிடம் போய் நின்றாள். "அண்ணே, நான் உங்க டிராயரத் திறந்தேன்."

"தெரியும். கட்டு மாத்தி வச்சிருந்துச்சு," என்றார் அவர். "என்னை நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கமிட்டி ஒரு மாதம் கழித்துப் பாதி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதிப் பாதியில் சினிமாப் பாட்டு. கால் மணி நேரத்துக்குள் அடங்குகிற கதைகளை அவள் தேட வேண்டியிருந்தது, இசை ஒன்றுதான். கோவிந்தராசு அவளிடம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. மழைக்காலம் வந்த பிறகுதான் ஒருநாள் இரண்டு டீ சொல்லிவிட்டு, அவள் பக்கம் ஒன்றை நகர்த்தி வைத்தார்.