இரண்டு பேர் நிற்கிற அடுப்பங்கரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்குக் கிடையாது. போன புதன்கிழமை, பந்தல்குடியில் இருக்கிற என் பாத்திரக்கடையைத் திறக்கக் கிளம்பினேன். வாசலை அடைத்துக் காங்கிரீட் கலக்கும் மிக்சர் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். பைக்கை வெளியே எடுக்க வழியில்லை. அரை மணி நேரம் என்றார்கள். மூன்று மணி நேரம் நின்றேன். நிற்கிறவனுக்கு வேறென்ன வேலை, பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன். பார்க்காததையும் கொஞ்சம் எழுதுவேன். கடைக்குப் போகவிடாமல் நிறுத்திவைத்ததற்கு இதுகூட இல்லையென்றால் எப்படி?

எதிர்மனையில் வீடு கட்டுகிறவள் சுகந்தி. தையல் மிஷின் வைத்திருக்கிறாள். கணவன் சங்கையா, அருப்புக்கோட்டை மில்லில் ஷிப்டு வேலை. கொத்தனார் மாரிச்செல்வம்.

2

தொடக்கம் ஒன்று: கரிசல் மண்ணில் ஐந்தடி ஆழத்துக்குத் தோண்டிய குழிகளை, காலைச் சூரியன் தன் பொன்னிறக் கைகளால் –

வேண்டாம். எங்கள் பக்கத்துச் சூரியனுக்கு அந்த மாதிரிக் கைகள் கிடையாது. ஏழு மணிக்கே மண்டையைப் பிளக்கும்.

தொடக்கம் இரண்டு: மழைக்கு ஏங்கிக் கிடந்த அந்த ஊரில் –

இதுவும் வேண்டாம். மழையை இழுத்துவிட்டால் கடைசியில் பெய்யவைத்தே ஆகவேண்டும். திருச்சுழிப் பக்கம், கதைக்குத் தேவைப்பட்ட நாளில் சரியாக மழை பெய்தது என்று எழுதினால் என்னைக் கடைத்தெருவில் நடக்கவிடமாட்டார்கள்.

தொடக்கம் மூன்று: காங்கிரீட் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "போடமாட்டேன்" என்றாள் சுகந்தி.

இதுதான் சரி.

3

முதல் சட்டி காங்கிரீட் வீட்டுக்காரி கையால் குழிக்குள் விழவேண்டும் என்பது இங்கே வழக்கம். சூடம் காட்டியாயிற்று. ஒன்பது குழிகளிலும் கம்பி கட்டி நிறுத்தியாயிற்று. மெஷின் முதல் கலவையைக் கொட்டிவிட்டது. மாரிச்செல்வம் அரைச் சட்டி அள்ளிக் கொடுத்தான். குழி விளிம்புக்குப் போன சுகந்தி, பக்கத்தில் அறை அளவுக்கு நூல் கட்டியிருந்த இடத்தை ஒரு தரம் பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாரிச்செல்வம், இதுவா அடுப்பங்கரை?"

"ஆமாக்கா. பத்துக்கு எட்டு. பிளான்ல உள்ளதுதான்."

"இதுல ஒரு கோழிகூட திரும்ப முடியாது."

ஏன் இவ்வளவு கோபம் என்றால், பதினான்கு வருஷக் கதை அது. இப்போதிருக்கிற வாடகை வீட்டில் மாடிப்படிக்கு அடியில்தான் அடுப்பு. ஒரு ஆள் நிற்கலாம். கூடமாட ஒத்தாசைக்குக் கூப்பிட்டால் சங்கையா வாசல்வரை வருவான். தலையை மட்டும் உள்ளே நீட்டி, மிகுந்த வருத்தத்தோடு, "வரலாம்னுதான் பாக்கேன். ரெண்டு பேரு நிக்க எடமில்லையே" என்பான். கையில் டீ கிளாஸ் இருக்கும்.

அதனால் பிளான் போடுகிறவரிடம் சுகந்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடுப்பங்கரையில் இரண்டு பேர் நிற்கவேண்டும்.

[சங்கையாவை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நல்ல மனுஷன். சுகந்தியின் துணி மூட்டைகளையெல்லாம் அவன்தான் சுமக்கிறான். அடுப்பங்கரை மட்டும் ஆகாது. அப்படிப்பட்ட ஆண்கள் உண்டு. அதைப் பற்றி இப்போது பேசவேண்டாம்.]

4

"ஏங்க, அளவைக் குறைக்கச் சொல்லி நீங்க கொத்தனார்ட்ட ஏதும் சொன்னீகளா?"

"நானா? நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்ற சங்கையா, கம்பிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

மாரிச்செல்வம் பொறுமையாகச் சொன்னான்: "சுவரு எந்திரிக்காத வீடு சின்னதாத்தான்க்கா தெரியும். நான் கட்டுன எல்லா வீட்டுலயும் இந்தச் சண்டை வந்துருக்கு. சுவரு வந்துருச்சுன்னா பெருசாயிரும்."*

"சுவரு வந்தபிறகு சின்னதாவே இருந்தா? காங்கிரீட்டைத் தோண்டித் தள்ளி வைப்பியா?"

நியாயமான கேள்வி. குழியில் விழுந்தால் விழுந்ததுதான், அப்புறம் ஓர் அங்குலம் நகராது. விழாவிட்டால் கலந்து கொட்டினது அரை மணி நேரத்தில் இறுக ஆரம்பிக்கும். பதினோரு ஆட்கள் சட்டியும் கையுமாக நின்றார்கள். மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான் பைக்கில் சாய்ந்திருந்தேன்.

(* இந்தக் கதையையும் முதலில் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாலு வரியாகத்தான் போட்டேன். என் மனைவி கோகிலாம்பாள் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். மாரிச்செல்வம் சொன்ன பதிலைத்தான் நானும் சொன்னேன்.)

5

இந்த இடத்தில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து நாலு நல்ல வார்த்தை பேசவைக்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு அப்படி யாரும் வரவில்லை. சித்தாள் செல்லக்கிளிதான் இருந்தாள்.

"பேசிக்கிட்டே இருந்தா ஆச்சா? நின்னு பாத்துருவோம்" என்றாள் செல்லக்கிளி.

நூலுக்குள் குவிந்திருந்த மண்ணை மம்பட்டியால் இழுத்துச் சமப்படுத்தினாள். செங்கல் ஆறை அடுக்கி, இது அடுப்பு என்றாள். சிமெண்டு மூட்டை, கிரைண்டர். தண்ணிக் குடம், தொட்டி.

"தாயி, நீ அடுப்புகிட்ட நில்லு. அண்ணே, நீங்க அந்தப் பக்கம் வெங்காயம் உரிங்க."

வெங்காயத்துக்குப் பதில் சங்கையா கையில் நாலு ஜல்லியைக் கொடுத்தாள். பதினோரு பேர் பார்க்க, அந்த மனுஷன் ஜல்லியை உரிக்க ஆரம்பித்தான். சுகந்தி கொத்தனார் கரண்டியால் இல்லாத குழம்பைக் கிண்டினாள். இல்லாத அலமாரியில் பருப்பு டப்பாவை எட்டினாள். குடத்துக்குக் குனிய வேகமாகத் திரும்பினாள். அதே நேரம் சங்கையாவும் திரும்பினான்.

முடிவு (அ): இடித்துக்கொண்டார்கள். குழி மறுபடி தோண்டவேண்டும்.

முடிவு (ஆ): இடிக்கவில்லை.

எனக்கு (அ) மேல்தான் ஆசை, சண்டை நீளும். ஆனால் சுகந்தியே வந்து என் மனைவியிடம் சொல்லிவிட்டாள்: "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் திரும்புனோம் மதினி. நடுவுல ஒரு சாண் மிச்சம் இருந்துச்சு." ஆகவே (ஆ).

சுகந்திக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் நின்ற இடத்திலேயே நின்று, "எடம் இருக்கு" என்றாள். மனை வாங்கின அன்றைக்குக்கூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

சங்கையாவும் அந்த ஒரு சாணைப் பார்த்தான். பதினான்கு வருஷமாகக் கைகொடுத்த சாக்கு அதில் போய்விட்டது அவனுக்குத் தெரிந்தது.

"மாரிச்செல்வம், ஹாலுக்கு இந்தப் பக்கம் இன்னும் ஒரு அடி கூட்டுனா நல்லாருக்குமோ?" என்றான்.

ஆட்கள் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. சுகந்தி ஓடிப்போய்ச் சட்டியைத் தூக்கினாள், குழிக்குள் கவிழ்த்தாள்.

"இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள் அவனிடம்.

6

இனி முடிவு. சுவர் எழும்பி, கூரை போட்டு, பால் காய்ச்ச இன்னும் ஐந்து மாதம் ஆகும். அதற்கப்புறம் சங்கையா உள்ளே வருவானா? வருகிற மாதிரி ஒன்று, வராத மாதிரி ஒன்று, வந்துவிட்டு டீ மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று என்று மூன்று எழுதினேன். ஒன்றும் தேறவில்லை.

நேற்று கோகிலாம்பாள் இதுவரை எழுதியதை வாசித்தாள். சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நம்ம அடுப்பங்கரை எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

பிளானைத் தேடிப் பார்க்கவேண்டும் என்றேன்.

"பன்னெண்டுக்குப் பத்து. அளந்துட்டேன்" என்றாள்.

இப்போது உள்ளே அரைக் கிலோ சின்ன வெங்காயம் முறத்தில் இருக்கிறது. ஆகவே பாதி வாக்கியம்தான் என்னால் தரமுடியும். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்:

பால் காய்ச்சிய மறுநாள், சுகந்தி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, சங்கையா –

இந்தா வாரேன், கோகிலா.