நாலு தீவுக்கு ஒரே வகுப்பு

எனக்குக் குரல்வளம் உண்டு என்று முதன்முதலில் சொன்னவர் யார் என்று தெரிந்தால், இன்றைக்கும் அவரைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். அந்தப் பாராட்டை நம்பித்தான் நான் பசிபிக் தீவு நகரமான சுவாவில் வரலாற்று ஆசிரியை ஆனேன். அதை நம்பித்தான் நேரலை வகுப்புக்கான நிதிக்கும் விண்ணப்பித்தேன்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தீவு போதாது. கடல் நெடுகச் சிதறிக் கிடக்கிறது. முதலாண்டு மாணவர்கள், எந்தத் துறையானாலும், பொதுப்பாடங்கள் சிலவற்றைப் படித்தே ஆகவேண்டும். ஒரே பாடத்தைத் தீவுக்கு ஒருவராக நின்று தனித்தனியே நடத்திக்கொண்டிருந்தோம். இரண்டு தீவு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தை உருவாக்கி, எல்லாத் தீவுகளுக்கும் இணையத்தில் நேரலையாக நடத்தினால் நிதி தருவதாக டீன் ரொனீல் பிசேஸ்வர் அறிவித்தார். வேறு வகுப்புகளிலிருந்து ஓய்வு, புது கேமரா, நல்ல மைக். மற்றவர்கள் ஓய்வைப் பார்த்தார்கள். நான் மைக்கைப் பார்த்தேன்.

பாடத்தின் பெயர் ‘குடிநீரும் மனிதரும்’. சுவா, விலா, தராவா, ரரோதொங்கா என்று நாலு இடத்து மாணவர்கள். எனக்குக் கூட்டாக அமைந்தவள் ரரோதொங்காவில் புள்ளியியல் நடத்தும் துவைனே. என்னைவிட மூத்தவள், நிதானமாகப் பேசுகிறவள். நிதானமாகப் பேசுகிறவர்களின் வாக்கியத்தை நான் முடித்துவைத்து உதவுவது வழக்கம்.

“திங்கக்கெழம காலைல எட்டரைக்குத் தொடங்கிடலாம் அக்கா,” என்றேன் தொலைபேசியில்.

“திங்களா? அகனிசி, எங்களுக்கு அது...”

“கஷ்டந்தான். வாரத் தொடக்கத்துல யாருக்குத்தான் சோம்பலா இருக்காது? நாமளே அப்படி இருந்தா பிள்ளைங்க எப்படி வருவாங்க?”

“சரி தங்கச்சி, உன் இஷ்டம்,” என்றாள் துவைனே. ஒரு சோம்பேறியைத் திருத்திவிட்ட திருப்தியில் தொலைபேசியை வைத்தேன்.

முதல் வகுப்பன்று சுவாவில் வழக்கம்போல மழை. ஒலிப்பதிவு அறையின் பின்வரிசையில் டீன் ரொனீலும், நிதி கொடுத்தவர்களின் சார்பில் வெலிங்டனிலிருந்து வந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தேநீரும் மரவள்ளிக்கிழங்கு கேக்கும் வந்திருந்தன. கருவிகளைப் பார்த்துக்கொண்டவன் வைசெயா, என் அத்தை மகன். எங்கள் ஊரில் அத்தை மகனுக்கு மாமன் மகளைக் கிண்டல் செய்யப் பிறப்புரிமை உண்டு. அந்த உரிமையில் ஒரு நாளையும் அவன் வீணாக்கியதில்லை.

“மாமா பொண்ணே, இவ்வளவு பவுடர் எதுக்கு? பாடம் தண்ணியப் பத்தியா, மாவைப் பத்தியா?”

“வேலையப் பாரு.”

திரையில் தராவாவும் விலாவும் வந்தன. மாணவர்கள் கையசைத்தார்கள். ரரோதொங்காவின் வகுப்பறைக் கேமராவை வைசெயா இங்கிருந்தபடியே இயக்கினான். வெறும் நாற்காலிகள் தெரிந்தன. ஒரு ஜன்னல் திறந்திருந்தது. வாசலில் கோழி ஒன்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது.

“கியா ஒரானா ரரோதொங்கா, என் குரல் கேக்குதா?” என்று அவர்கள் மொழி வணக்கத்தோடு கேட்டேன். கோழி நின்றது. இன்னும் உரக்கக் கேட்டேன். அது நாற்காலிக்கடியில் போய்விட்டது.

வெலிங்டன்காரர்கள் கேக்கை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றபோது, ரரோதொங்காப் பக்கமிருந்து பாட்டு எழுந்தது. ஆண்களின் கனத்த குரல், அதன்மேல் பெண்களின் கூரான குரல், நடுவே உறுமல். அடித்தொண்டையிலிருந்து வரும் அருமையான கூட்டுப்பாட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ரரோதொங்கா மாணவர்கள் வெளியே நின்று நம்மைப் பாட்டால் வரவேற்கிறார்கள்,” என்று விருந்தினர்களிடம் அறிவித்தேன். “கடல் நம்மைப் பிரிப்பதில்லை, இணைக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?”

அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டீனும் தட்டினார். பாட்டு முடியும்வரை நான் நெஞ்சில் கை வைத்தபடி நின்றேன். அது முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. அதுவும் முடிந்தது. பிறகு ஓர் ஆண்குரல் நீண்ட நேரம் ஜெபம் செய்தது.

வைசெயா என் காதருகே குனிந்தான். “அங்க இன்னைக்கு ஞாயித்துக்கெழம.”

“என்ன ஒளர்ற?”

“தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. நாம திங்கள்ல இருக்கோம், அவங்க நேத்துல இருக்காங்க. எதுத்தாப்புல சர்ச்சு. வரலாறு படிச்சவளுக்கு நேத்து எதுன்னு தெரிய வேணாமா?”

பசிபிக் கடற்பயணங்களைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவள் நான். தேதிக்கோடு எங்கே வளைகிறது, ஏன் வளைகிறது என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன்.

மதியம் துவைனேயை அழைத்தேன். சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் அக்கா அன்னைக்கே சொல்லல? வகுப்புல உங்க சர்ச்சுப் பாட்டுதான் கேட்டுச்சு.”

“சொல்ல விட்டியா?” என்றாள். கோபம் இல்லை. வாயில் ஏதோ மென்றபடிதான் சொன்னாள். “பாடகர் குழுவுல நானும் இருந்தேன். நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு,” என்றேன். வேறென்ன சொல்ல?

வகுப்பைச் செவ்வாய்க்கு மாற்றினோம். ஆனால் நான் மாறவில்லை. விடுதிகளிலும் வீடுகளிலும் இருந்து மாணவர்கள் இணைந்தார்கள். பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள் வரிசையாகத் தெரிய, நான் வாரந்தோறும் மூச்சுவிடாமல் பேசினேன். கடைசி ஐந்து நிமிடம் துவைனேக்கு என்று ஏற்பாடு. அதிலும் பாதியைத் தொட்டுவிடுவேன். கேள்வி உண்டா என்றால் ஒரு கட்டமும் அசையாது. என் விளக்கம் அவ்வளவு தெளிவு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு செவ்வாயன்று, பெருங்கடல் நடுவே மனிதர்கள் தாகத்தை வென்ற கதையை அங்குமிங்கும் நடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். குரல் நான் நினைத்தபடியெல்லாம் வளைந்தது. மாணவர்கள் அவ்வளவு அமைதியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. வெளியே போயிருந்த வைசெயா கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து, கதவருகே நின்று என்னைப் பார்த்தான்.

“யாருகிட்ட பேசிட்டு இருக்க?”

“வகுப்பு நடக்குது, சத்தம் போடாத.”

“எங்க நடக்குது? வயரு ஒன் காலுல சுத்திக் கெடக்கு.”

குனிந்து பார்த்தேன். சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த இணைய வயரை நான் அறை முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். மாணவர்கள் உறைந்துபோன திரைக்கும், உறையாத திரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் உறைத்தது.

வைசெயா வயரைச் செருகினான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபடியே திரையைப் பார்த்தேன். கறுப்புக் கட்டங்களைக் காணோம். எல்லாம் முகங்கள். தராவாப் பையன் ஒருவன் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் காட்டி, கடல் ஏறும் நாட்களில் அது எப்படிக் கரிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். விலாவிலிருந்து ஒரு பெண், “உங்களுக்காவது உப்பு. எங்க தாத்தா ஊர்ல எரிமலைச் சாம்பல் வந்து தொட்டில விழும். டீ போட்டா கந்தக வாசம்,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் சுவா மாணவன் ஒருவன், இத்தனை மழை பெய்தும் தன் தெருக் குழாயில் காற்றுதான் வருகிறது என்று ஆரம்பித்தான். துவைனே நடுவில் உட்கார்ந்து, “கொஞ்சம் இரு, அவ முடிக்கட்டும்,” “அப்போ உங்க வீட்ல யாரு தண்ணி எடுப்பா?” என்று சின்னச் சின்னதாக எடுத்துக் கொடுத்தாள். வேறொன்றும் பேசவில்லை.

நான் திரும்பி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. போனதைக் கவனித்தார்களா என்பதும் சந்தேகம். வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் போத்தல் தண்ணீரைப் பற்றி அடுத்து அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்கவும் ஆசையாக இருந்தது. மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். வைசெயா ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான்.

பருவ முடிவில் நிதிக் குழுவினர் பதிவுகளைப் பார்த்தார்கள். டீன் என்னை அறைக்கு அழைத்துக் கை குலுக்கினார்.

“எல்லாருக்கும் பிடிச்சது அந்த ஒரு வகுப்புதான் மேடம். ஆசிரியரா இருந்தும் வேணும்னே ஒதுங்கி, மாணவர்களப் பேச விட்டீங்க பாருங்க. அந்தத் துணிச்சல் எப்படி வந்துச்சு?”

“துணிச்சல் இல்ல சார். கால் தடுக்கி வயர் புடுங்கிடுச்சு.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “இந்த அடக்கந்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது.”

நிஜத்தை மறுபடி சொன்னேன். இன்னும் சிரித்தார். இரண்டு முறை முயன்றது போதும் என்று நிதி நீட்டிப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நேராகத் துவைனேயைத்தான் அழைத்தேன்.

“அக்கா, அடுத்த வருஷம் நீங்க நடத்துங்க. நான் கூட இருக்கேன்.”

“இந்த வருஷமும் நான்தான தங்கச்சி நடத்துனேன்,” என்றாள். “நீ முன்னுரை சொல்லிட்டு இருந்த.”

இப்போது என் பங்கு கால்மணி நேரம். மீதியில் மாணவர்கள் பேசுவார்கள், துவைனே கோர்ப்பாள். போன வாரம் ரரோதொங்காப் பெண் ஒருத்தி, தேங்காய்த் தண்ணீர் மட்டுமே குடித்து ஒரு தீவு முழுக்க எத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியும் என்று என்னைக் கேட்டாள். வாயைத் திறந்தேன். நாலைந்து அழகான வாக்கியங்கள் தயாராக நின்றன. ஒன்றிலும் பதில் இல்லை.

“தெரியலம்மா,” என்றேன்.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வைசெயா பரபரப்பாக எதையோ அழுத்தினான். வகுப்பு முடிந்ததும் கேட்டேன், கருவியில் கோளாறா என்று.

“இல்ல. அந்த எடத்தத் தனியா வெட்டி எடுத்தேன். சாயந்தரம் குடும்பத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்.”