பொட்டு வைத்த மிஷின்

அந்த மிஷின் வந்து இறங்கியதிலிருந்து டாக்டர் தயாளனுக்குத் தலைகால் புரியவில்லை. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சைக் கையால் அழுத்துவோமே, அந்த வேலையைத் தானே செய்கிற மிஷின். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த அவருடைய ஆஸ்பத்திரி வாசலில், பிள்ளையார் படத்தைவிடப் பெரிதாக அதன் படம் தொங்கியது. பக்கத்தில் அவர் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டியூட்டி டாக்டர் ஜெபசீலனுக்கு மிஷின் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. மனிதனுக்குக் கை ஓயும், மிஷினுக்கு ஓயாது. ஆள் இல்லாத இடத்திலும், ஓடுகிற ஆம்புலன்ஸிலும் அது தெய்வம் மாதிரிதான். ஆனால் அதைத் தெய்வமாகவே ஆக்கி வரவேற்பறையில் உட்கார வைப்பார்கள் என்று அவன் நினைக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே மிஷினை எமர்ஜென்சி அறையிலிருந்து தூக்கிப்போய்விட்டார்கள். சந்தனத்தைக் குழைத்து அப்பி, சாமந்தி மாலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, ஒரு எலுமிச்சம்பழத்தையும் தொங்கவிட்டார்கள். நெஞ்சில் பதிகிற ரப்பர் கிண்ணத்துக்குத்தான் இருப்பதிலேயே பெரிய குங்குமப் பொட்டு. வருஷா வருஷம் எல்லோரோடும் நின்று பொரியும் சுண்டலும் வாங்கித் தின்கிறவன்தான் ஜெபசீலன். பூஜை அவனுக்கு உறுத்தவில்லை. வந்த விருந்தாளி ஒவ்வொருவருக்கும் தயாளன் ஒரு தலையணையைப் படுக்கப்போட்டு மிஷினை ஓட்டிக் காட்டியதுதான் உறுத்தியது. மிஷின் தலையணையைக் குத்து குத்தென்று குத்த, சில்க் சட்டைக்காரர்கள் கைதட்டினார்கள்.

சார்ஜில் போட்டு வைக்க வேண்டும் என்று அவன் போய்ச் சொன்னான். தயாளன் அவன் தோளைத் தட்டினார்.

"இன்னிக்கு ஒரு நாள் அதுக்கும் லீவு, ஜெபா. பூஜையன்னிக்கு எவன் வரப்போறான்?"

வந்தார். அஸ்தினாபுரத்து ஜமால், ஸ்டேஷன் பக்கம் பெட்டி, பை விற்கிறவர். நெஞ்சு வலிக்கிறது, வெறும் வாயுதான், மனைவி கேட்கமாட்டேன் என்கிறாள் என்று சிரித்துக்கொண்டே கட்டிலில் ஏறினார். மனைவி பஷீரா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். நர்ஸ் ஆஷா இ.சி.ஜி. ஒயரை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு பாதியில் நின்றது. கண் செருகிவிட்டது.

பஷீராவை வெளியே அனுப்பிவிட்டு ஜெபசீலன் அழுத்த ஆரம்பித்தான். அவன் களைத்தபோது ஆஷா ஏறினாள், அவள் களைத்தபோது அவன். ஒரு ஷாக் கொடுத்தார்கள். மறுபடி அழுத்தினார்கள். செத்த மீன் நிறத்தில் இருந்த உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்க்களை வந்தது. ஜமாலின் விரல்கள் கட்டில் விரிப்பைப் பிடிக்கப் பார்த்தன. இந்த மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று ஜெபசீலனுக்கு அப்போது நிச்சயமாகப் பட்டது.

கதவு திறந்தது. தயாளன். பின்னால் கையில் சுண்டல் தொன்னையோடு இரண்டு விருந்தாளிகள்.

"கையை எடுங்க. மிஷின் வருது."

"வேணாம் சார். திரும்பிட்டிருக்கார். நிறுத்தாதீங்க."

"ஆஷா, எடுன்னு சொன்னேன்."

சம்பளம் கொடுக்கிறவர் சொல்கிறார். ஆஷா எடுத்துவிட்டாள். ஜெபசீலன் பாய்ந்து கையை வைத்தான். அதற்குள் தயாளன் ஜமாலைத் தூக்கி முதுகுக்கடியில் மிஷினை மாட்டுகிற பலகையைச் செருகிக்கொண்டிருந்தார். மிஷின் மாலையும் கழுத்துமாக வந்தது. அதன் கால் பலகையில் மாட்டவில்லை, மாலை நார் குறுக்கே சிக்கியிருந்தது. கத்தரி எங்கே என்று ஆளாளுக்குத் தேடினார்கள். எலுமிச்சம்பழம் அறுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. மிஷின் குறுக்கே நின்றதால் ஜமாலின் நெஞ்சை யாராலும் தொட முடியவில்லை. அந்த உதடு மறுபடி வெளுப்பதை ஜெபசீலன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மிஷின் குத்தியது. மறுபடி குத்தியது. பிறகு வேகம் குறைந்து, கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. காலையிலிருந்து தலையணைக்கு உயிர் கொடுத்துக் களைத்திருந்தது. சார்ஜர் ஒயர் எங்கே என்றார் தயாளன். அது வரவேற்பறையில் வாழையிலைக்கு அடியில் கிடந்தது.

ஜெபசீலன் மிஷினைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு அழுத்தினான். ஆஷா அழுதுகொண்டே அழுத்தினாள். கை மரத்துப்போகும் வரை மாற்றி மாற்றி அழுத்தியும் ஜமால் திரும்பவில்லை.

வெளியே தயாளன் பஷீராவிடம் பேசுவது காதில் விழுந்தது. இந்த ஏரியாவிலேயே யாரிடமும் இல்லாத மிஷினை வைத்துப் பார்த்தோம், அதற்கு மேல் ஆண்டவன் கையில்தான் இருக்கிறது என்றார். குரலைக்கூடச் சரியான அளவுக்குத் தழைத்திருந்தார். ஜெபசீலனுக்குக் காலையில் தின்ற பொரிகூட வாயில் கசந்தது.

தயாளன் உள்ளே எட்டிப் பார்த்து, நெஞ்சை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடும்படி ஆஷாவிடம் மெல்லச் சொன்னார். அவள் பஞ்சை நனைப்பதற்குள், தடுத்தும் நிற்காமல் பஷீரா வந்துவிட்டாள். போர்வையை விலக்கினாள். புருஷன் நெஞ்சின் நடுவே மஞ்சள் பூச்சு, அதற்குள் வட்டமாகச் சிவப்பு.

"தம்பி, இது ரத்தமா?"

தயாளன் முந்திக்கொண்டு, மருந்து என்றார். ஜெபசீலன் அவரைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. குங்குமம். மிஷினைப் பூஜையில வச்சிருந்தாங்க. நாங்க கையால அழுத்திட்டிருந்தோம், அவர் திரும்பிட்டிருந்தார். இவர் அதை நிறுத்திட்டு இதைக் கொண்டுவந்து வச்சார். இதுல சார்ஜ் இல்ல."

பஷீரா தயாளனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மிஷினெல்லாம் வச்சுப் பாத்தாரேன்னு, இப்பதானே இந்த டாக்டரு புள்ளகுட்டி நல்லா இருக்கணும்னு அல்லாகிட்ட துஆ செஞ்சுட்டு வந்தேன்."

ஆஷா பஞ்சோடு கட்டிலருகே குனிந்தாள். பஷீரா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காதம்மா. என் மவன் சிறுசேரிலேர்ந்து வந்துகினு இருக்கான். அவன் பார்க்கட்டும்."