வாசலை மறித்த கார்

மூன்றாவது ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி எடுத்தான் தம்பி. அதுவும் நனைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோகத் தேவையே இல்லை. பானெட்டுக்குள்ளிருந்து பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

அக்காவின் உடலை ஏற்றிய வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டது. அது உள்ளே வரவேண்டுமானால், கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் இந்தப் பழைய சின்னக் காரை எடுத்தாக வேண்டும். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்த இடத்திலேயே அது நின்றது. ஓரடிகூட நகர்ந்திருக்கவில்லை.

"பேட்டரியா மாப்ள?"

அத்தான் பின்னால் வந்து நின்றார். கையில் அக்காவின் செருப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் இன்னும் வைத்திருந்தார்.

"பாக்குறேன் அத்தான். நீங்க உள்ள போய் உக்காருங்க."

அவர் போகவில்லை. "அவ உக்காந்தா ஒரே திருப்புல கிளம்பிடும்."

கிளம்பும்தான். நர்ஸ் வேலைக்கு இருட்டோடு புறப்படுகிறவள். குளிரில் விறைத்துக் கிடக்கும் எஞ்சினின் குணம் அவளுக்கு அத்துபடி. டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் சோக் பிடியை முழுக்க இழுக்க வேண்டும், ஆக்ஸிலேட்டர் பக்கம் காலே போகக் கூடாது; மிதித்தால் பெட்ரோல் வழிந்து பிளக் நனைந்துவிடும். அத்தான் ஓட்டுவதெல்லாம் அவள் சூடாக்கிக் கொடுத்த வண்டியைத்தான். "உங்க அத்தான் பக்கத்து சீட்ல உக்காந்தே பிரேக் போடுறவருடா" என்று போன வாரம்கூடச் சொல்லிச் சிரித்தாள்.

"எப்படி ஸ்டார்ட் பண்ணீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. மெக்கானிக் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்.

"மிதிச்சேன் மாப்ள. மிதிச்சு மிதிச்சு சாவியத் திருப்பினேன். அவளுக்கு வேர்த்துக் கொட்டுது. பேச்சு வரல. கையை மட்டும் முன்னால நீட்டினா." "பயப்படாத, நான் இருக்கேன்னு அந்தக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். டாக்ஸி வர்ற வரைக்கும் விடல."

தம்பி காருக்குள் பார்த்தான். பக்கத்து சீட்டிலிருந்து நீட்டினால் எட்டுகிற தூரத்தில், இழுக்கப்படாமல் உள்ளேயே இருந்தது சோக் பிடி.



"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு. என்ன கோளாறுன்னு சொல்லு மாப்ள. எதுவா இருந்தாலும் சொல்லு."

கோளாறைப் பற்றி இதுவரை யாரிடமும் அவன் பொய் சொன்னதில்லை. அந்தத் தொழில் கடவுள் கொடுத்த சோறு என்று நினைப்பவன். ஆண்டவனே, இது என்னோட போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

"இக்னிஷன் காயில் எரிஞ்சு போச்சு அத்தான். யாரு உக்காந்திருந்தாலும் கிளம்பியிருக்காது."

"அவளே உக்காந்திருந்தா?"

"அக்காவாலயும் முடியாது. நானே வந்திருந்தாலும் முடியாது."

அத்தான் மெதுவாகத் தலையாட்டினார். பிறகு முன்கதவைத் திறந்து, பக்கத்து சீட்டின் காலடியில் செருப்பை ஜோடியாக வைத்தார்.

பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்தால் வண்டி இப்போதே உறுமும். தம்பிக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் ஈரத்தோடே திரும்ப முறுக்கினான், பானெட்டைச் சாத்தினான்.

"தள்ளிடலாம் அத்தான்."

கார் நிறுத்தும் தகராறில் ஒரு வருஷமாகப் பேசாத எதிர்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ஒன்றும் கேட்காமல் டிக்கியில் கைவைத்தார். பக்கத்தில் அத்தான். தம்பி ஜன்னல் வழியே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தான். கார் முனகிக்கொண்டே தெருவுக்கு இறங்கியது.

"போதுமா மாப்ள?"

"இன்னும் கொஞ்சம்."

தெருமுனையில் ஆஸ்பத்திரி வண்டி திரும்பியது. திறந்த கேட்டுக்குள் நேராகப் போய் நின்றது. பின்கதவைத் திறந்தார்கள். அத்தான் தலைமாட்டுப் பக்கம் போனார்.

கால்மாட்டைத் தூக்கக் குனியுமுன், தம்பி இரண்டு கைகளையும் சட்டையில் அழுத்தித் துடைத்தான். முகர்ந்து பார்த்தான். மறுபடியும் துடைத்தான்.