கேப்டன் இளவரசி

"யாரக் கேட்டு உன் பேரக் கேப்டன்னு குடுத்த?"

"யாரக் கேக்கணும்? வார்த்தையக் கண்டுபுடிக்கிறவ நானு—"

"எழுந்து சொல்றது நான்தான! எல்லா வருசமும்—"

"சொன்ன லட்சணத்தத்தான் போன வருசம் பாத்தமே! காதுல நான் ஒண்ணு சொன்னேன், அய்யா எழுந்து வேற ஒண்ணு சொன்னீங்க. தோத்துட்டு வந்து எனக்குச் சோறு எறங்கல."

கடலூரில் கிளம்பிய சிதம்பரம் பஸ் ஆலப்பாக்கம் தாண்டியும் இளவரசிக்கும் அவள் கணவர் தமிழ்மணிக்கும் இதே பேச்சுதான். முன்சீட்டுக்காரர் தலையைத் திருப்பாமல் காதை மட்டும் பின்னால் விட்டிருந்தார்.

சிதம்பரத்தில் ஒரு மன்றம் ஆண்டுதோறும் நடத்தும் ஆங்கிலச் சொற்போட்டி அது. பலகையில் சில எழுத்துகளைப் போடுவார்கள். அவை எல்லாம் அடங்கிய ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். கூட வேறு எழுத்து எத்தனை வந்தாலும் குற்றமில்லை. ஜோடியாகத்தான் ஆட வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக் குழப்புகிறார்கள் என்று இந்த முறை இறுதிச் சுற்றுக்குப் புதிய விதி: ஒருவர் மணியடித்துக் கேப்டனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அதன் பிறகுதான் கேப்டன் வாய் திறக்கலாம்.

தமிழ்மணிக்கு அதுதான் இடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'இந்தா', 'ஏ, உன்னத்தான்'. மிஞ்சிப்போனால் 'அருள்மொழி அம்மா'. அவருடைய அப்பாவும் அப்படியே வாழ்ந்து முடித்தவர்.

"அத்தினி பேரு முன்னால 'இளவரசி'ன்னு கத்துனா சினிமாக்காரன் மாரி இருக்காது? சிரிப்பானுவ."

"எங்கப்பா வச்ச பேரு. சிலிண்டர் போட வர்றவரு கூட அழகா கூப்புடுறாரு. உங்களுக்கு மட்டும் வாய் வெந்துபூடுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இளவரசிக்குக் கோப்பை கூட இரண்டாம்பட்சம். அவள் கண்டுபிடித்த சொல்லை இந்த ஒரு தடவையாவது அவள் வாயாலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் சுற்றுகளில் தாளில் எழுதினால் போதும். அதில் மளமளவென்று எழுதி இறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரே பரங்கிப்பேட்டை ஹிதாயத்துல்லாவும் அவர் தங்கை மகள் ஷாசியாவும். இரண்டே பலகைகள், இரண்டாவதற்கு இரட்டை மதிப்பெண்.

முதல் பலகையைத் திருப்பினார் நடுவர் தேவசகாயம். பி, எஃப், கே, டி. இளவரசி கணவரின் முழங்காலில் தட்டினாள். அவர் மணியை அடித்தார். எழுந்து நின்றார்.

"வந்து... நம்ம... வூட்ல..."

"பேரு சார், பேரு!" என்றார் தேவசகாயம்.

"இந்தா..."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. நேரம் போயிற்று. எதிர் மேசையில் மணி அடித்தது. "ஷாசியா!" என்றார் ஹிதாயத்துல்லா, தெருவில் கூப்பிடுவதுபோல. "பிரேக்ஃபாஸ்ட்" என்றாள் அவள். இளவரசியின் நாக்கு நுனியில் இருந்த அதே சொல்.

"வாயில வரமாட்டேங்குது" என்று முணுமுணுத்தார் தமிழ்மணி.

"டி.வி.ல கிரிக்கெட்டு ஓடறப்ப 'அவுட்டு'ன்னு கத்துறீங்கல்ல? அதே வாய்தான். இன்னைக்கு நீங்க கூப்புடலன்னா இனிமே நான் இந்தப் பக்கமே வரல."

இரண்டாவது பலகை. எச், கே, கியூ.

அவளுக்கு ஒரு வழி உண்டு. கல்யாணப் பந்தியில் முறுக்கிக்கொண்டு நிற்கும் சம்பந்திகளை முதலில் உட்கார வைத்துவிட்டால், மற்றவர்கள் தாமாக இடம் பிடித்துக்கொள்வார்கள். கியூ பெரிய சம்பந்தி. பக்கத்தில் யூ இல்லாமல் உட்காராது. இரண்டையும் உட்கார வைத்தாள். பின்னால் ஒரு ஏ வந்தது, கே தானே ஒட்டிக்கொண்டது. எச் மட்டும் நின்றுகொண்டிருந்தது. பின்னால் தள்ளிப் பார்த்தாள், இடமில்லை. முன்னால் கொண்டுவந்தாள். உட்கார்ந்துவிட்டது!

முழங்காலில் ஓங்கி அடித்தாள். எதிரே ஷாசியாவின் உதடுகள் அசைந்தன. ஹிதாயத்துல்லாவின் கை மணியை நோக்கிப் போயிற்று. அதற்குள் இந்தப் பக்கத்து மணி அலறியது. தமிழ்மணி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"இளவரசி!"

கடைசி வரிசையில் தூங்கியவர் விழித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அவள் நிதானமாக எழுந்தாள், முந்தானையைச் சரி செய்தாள், அரங்கத்தை ஒரு முறை முழுக்கப் பார்த்தாள்.

"எர்த்குவேக்."

எழுத்து எழுத்தாகவும் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"மாஷா அல்லாஹ்! வார்த்தையும் ஜோரு. மச்சான் போட்ட சத்தம் அதவிட ஜாஸ்தி ஜோரு" என்று கை குலுக்க வந்தார் ஹிதாயத்துல்லா.

"ஆன்ட்டி, மாமா அவசரப்பட்டு மணியடிக்கப் போயிட்டாரு. நான் இன்னும் அந்த எச்ச எங்க வெக்கிறதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்தேன்" என்றாள் ஷாசியா.

"அடுத்த வருசம் வெப்ப, வாம்மா" என்றாள் கேப்டன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டிக்கு ஒரே கூட்டம். தமிழ்மணி முண்டியடித்து ஏறி, சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏ, இந்தா! சீட்டு புடிச்சிட்டேன், ஏறு சீக்கிரம்!"

கோப்பையைத் தண்ணீர்க்குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற இளவரசி, வேறு பக்கம் பார்த்தபடி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"யாரக் கூப்புடுறீங்க?"